அடையாள அன்ரி

எங்கள் தெருவில் தொலைந்த எதுவும் கடைசியில் எதிர்வீட்டுக் கிழவியிடம் போய்ச் சேர்ந்துவிடும். மறுநாள் காலையில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து விளக்குக் கம்பத்தில் ஒரு சிறிய அட்டை தொங்கும். 'கையுறை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்.' என்ன நிறம், எந்தக் கை, கம்பளியா தோலா என்று ஒரு வார்த்தை இருக்காது. அதையெல்லாம் தொலைத்தவர்தான் சொல்ல வேண்டும். கீழே அவளுடைய வீட்டிலக்கம் மட்டும் இருக்கும்.

அவர் என்று எழுதத்தான் பார்த்தேன். வயதில் மூத்தவர், மரியாதையானவர், தெருவில் எல்லோருக்கும் வேண்டியவர். கை வரவில்லை.

லண்டனில் ஹெண்டனுக்கு நாங்கள் வந்தது எண்பத்துநாலில், மகனோடும் கைக்குழந்தையாக இருந்த இளையவளோடும். எங்கள் சனமெல்லாம் டூட்டிங்கிலும் ரெய்னர்ஸ் லேனிலும் கூடியிருக்க, நாங்கள் மட்டும் யூதர்களுக்கு நடுவில் வந்து இருந்துவிட்டோம் என்று மனைவி குறைப்பட்டுக்கொள்வாள். கறிவேப்பிலைக்குக்கூட ரயிலேறி டூட்டிங் போக வேண்டும். எதிர்வீட்டுக் கிழவிதான் எங்களோடு முதலில் பேசிய அயல். அதுவும் மகனுடைய கையுறையால்.

அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். பள்ளிக்கூடத்தால் வரும் வழியில் ஒரு கையுறையை விழுத்திவிட்டான். அட்டையைப் பார்த்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். பழுப்பு நிற டோப்பாவும் அதன்மேல் ஒரு கம்பளித் தொப்பியுமாக வந்து கதவைப் பாதி திறந்தாள். தினமும் அவன் அதைப் போட்டுக்கொண்டு போவதைப் பார்க்கிறவள். மற்றக் கையுறை அவனுடைய சட்டைப்பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அடையாளம்?" என்று கேட்டாள்.

"நீலம்."

"இந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு நீலம்."

"இடக்கை."

"இடக்கைதான் எப்போதும் தொலைகிறது. வேறு?"

மகன் என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான், "பெருவிரலில் ஓட்டை. அம்மா சிவப்பு நூலால் தைத்திருக்கிறா."

உள்ளே போய் எடுத்து வந்தாள். கழுவி, காயவைத்து, காகிதத்தில் சுற்றியிருந்தது. தெருவைக் கடக்கும்போதே மகன் சிரிக்கத் தொடங்கிவிட்டான். "அப்பா, அவ அடையாள அன்ரி. வீட்டை வந்தால் உங்களிட்டையும் கேப்பா, நீங்கள்தான் அப்பா எண்டதுக்கு என்ன அடையாளமெண்டு." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் அவள் பெயர். உண்மைப் பெயரை நாங்கள் சொன்னதே இல்லை.

அவளுக்கு அது பொழுதுபோக்கு அல்ல. சட்டம். அவர்களுடைய வேதத்தில் இருக்கிறது: வழிதவறிய மாட்டைக் கண்டால் காணாததுபோல் போகக் கூடாது, திருப்பிக் கொண்டுபோய் விட வேண்டும். அந்த மாட்டிலிருந்து பெரியவர்கள் எத்தனையோ பிரித்துப் பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள் என்பாள். கண்டெடுத்ததைப் பராமரிக்க வேண்டும், பாவிக்கக் கூடாது. துணியென்றால் இடைக்கிடை உதற வேண்டும். ஆனால் தன் வீட்டு அழகுக்காக விரித்துப் போடக் கூடாது.

ஒருநாள் அடைமழை. நான் வேலை முடிந்து வருகிறேன். அவள் எதிரே தொப்பியெல்லாம் நனைந்து வருகிறாள். கையில் நல்ல கறுப்புக் குடை, மடித்தபடி.

"குடை பழுதா?" என்று கேட்டேன்.

"இல்லை. என்னுடையது இல்லை. இப்போதுதான் கண்டெடுத்தேன்."

என் குடைக்குள் வரச் சொன்னேன். வந்தாள். நடக்க நடக்க அந்தக் கறுப்புக் குடையையும் நனையாதபடி என் குடைக்குள்ளே பிடித்துக்கொண்டாள். என்னுடைய ஒரு தோள் நனைந்தது. அப்போது எனக்கு அது அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். "விசர்," என்றாள் அவள், சோற்றை வடித்துக்கொண்டே.

மகனுக்கு அவளில் ஒரு பிடிப்பு இருந்தது. அவர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். அன்றைக்கு எதையும் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது. ஒரு சனிக்கிழமை, மாரிகாலம், நடைபாதையில் யாருடையதோ சாவிக்கொத்துக் கிடந்தது. அவளால் எடுக்கவும் ஏலாது, விட்டுவிட்டுப் போகவும் ஏலாது. பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். யாரிடமும் எடுத்துத் தா என்று கேட்கவும் கூடாதாம். ஜன்னலால் பார்த்த மகன் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். எடுத்துத் தரட்டுமா என்று அவன் கேட்டதற்கு, "நான் கேட்கவில்லை," என்றாளாம். "நானும் கேக்கேல்லை," என்றானாம் அவன். எடுக்காமல் அவனும் கூடவே நின்றான். இருட்டி, ஓய்வுநாள் முடியும் வரைக்கும் இரண்டு பேரும் அந்தக் குளிரில் சாவிக்கொத்துக்குக் காவல்.

"எடுத்துக் குடுத்திருக்கலாமேடா," என்றேன்.

"அப்பிடியெண்டால் விளையாட்டுக் குழம்பியிடும், அப்பா."

எனக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது. எங்களுக்கு வயதான சொந்தம் யாரும் லண்டனில் இல்லை. பொய் சொல்லாத, ஏமாற்றாத ஒரு ஆளோடு பிள்ளை பழகுகிறான் என்று சந்தோஷப்பட்டேன்.

ஒருநாள் காலையில் ஒரு குடிகாரன் தெருவில் பாதி உடம்பும் நடைபாதையில் பாதி உடம்புமாகக் கிடந்தான். அவள் தனியே அவனுடைய கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் மற்றப் பக்கம் பிடித்தேன். நடைபாதைக்கு இழுத்துச் சுவரில் சாய்த்து வைத்தோம். அவன் எங்கள் இரண்டு பேரையும் நல்ல கெட்ட வார்த்தையால் ஏசினான்.

"இவனுக்கும் அட்டை எழுதுவீர்களா?" என்று பகிடியாகக் கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "இதுவும் அதே சட்டம்தான். மாடு தொலைந்தால் சொந்தக்காரனிடம் கொடு என்கிறது. ஒருவனுக்கு அவனுடைய உயிரே கைநழுவப் போகிறதென்றால்? அதையும் பிடித்து அவனிடம் கொடு என்கிறது. மாட்டைவிட அது முக்கியம்."

இதை அவள் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. நினைவிருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரில் நாங்கள் விட்டுவிட்டு வந்த வீட்டில் ஆமிக்காரர் இருக்கிறார்கள் என்று செய்தி வந்திருந்த நேரம். பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது, "சரி, அது போய்விட்டது," என்றேன்.

அவள் என் கோட்டுக் கையைப் பிடித்தாள். அவர்கள் பிற ஆண்களைத் தொடமாட்டார்கள். தொட்டதை அவளும் உணர்ந்து உடனே விட்டாள்.

"அப்படிச் சொல்லாதீர்கள்," என்றாள். "சொந்தக்காரன் 'போய்விட்டது' என்று வாயால் சொன்னால் கண்டெடுத்தவன் வைத்துக்கொள்ளலாம். சொல்லாதவரைக்கும் அது உங்களுடையது. யார் கையில் இருந்தாலும் உங்களுடையது."

அதற்கு அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது. யேயூஷ். நான் எனக்குள் அதைக் கைவிடுதல் என்று தமிழாக்கிக்கொண்டேன். பிறகு அவளே சொன்னாள், நிலத்துக்கு அந்தப் பேச்சே இல்லையாம், நிலத்தை யாரும் களவெடுக்க முடியாதாம். "ஆனாலும் வாய் பழகிவிடும்," என்றாள். அவள் பதினாலு வயதில், போருக்கு முன், யூதப் பிள்ளைகளைத் தப்ப வைத்து அனுப்பிய ரயிலில், கழுத்தில் ஒரு பெயரட்டையோடு வியன்னாவிலிருந்து வந்தவள். தாயும் தகப்பனும் பின்னால் வருவதாகச் சொல்லி ஏற்றிவிட்டவர்கள். அவர்களைப் பற்றி அவள் பேசும்போது இறந்தகாலமே வராது.

தொண்ணூறில் ஊரில் மறுபடி சண்டை தொடங்கியது. மகனுக்குப் பதினெட்டு. முதலில் வார இறுதிகளில் ஏதோ மண்டபத்தில் கூட்டம் என்று போனான். பிறகு இயக்கத்துக்கு ஆள் சேர்க்கும் சில பெடியள் வீட்டுக்கு வந்தார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். கல்லூரிக்குப் போவது குறைந்தது. ஒருநாள் தாயிடம் சொல்லியிருக்கிறான், "அம்மா, இஞ்ச இருந்து சாப்பிட எனக்கு வெக்கமாக் கிடக்கு." கூட்டாளியின் அக்காவுக்குச் சென்னையில் கலியாணம், போய்விட்டு வருகிறேன் என்று என்னிடம் வேறு கதை சொன்னான். சென்னையிலிருந்து படகில் எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

கெஞ்சினேன். ஏசினேன். தாய் சாப்பிடாமல் கிடந்தாள். எதுவும் எடுபடவில்லை.

அவன் குளித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவன் மேசை லாச்சியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தேன். எரிக்கத்தான் நினைத்தேன். காஸ் அடுப்பைப் பற்றவைத்தேன். ஒரு முத்திரைக்காகக் கொழும்பில் எத்தனை வரிசையில் நின்றவன் நான். முத்திரை குத்திய ஒரு தாளைக்கூட எங்கள் சனத்துக்குக் கிழிக்க வராது, காலாவதியான விசாவைக்கூடப் பொலித்தீனில் போட்டு வைத்திருப்போம். அடுப்பை நிறுத்தினேன். எரிக்க வேண்டாம், தொலைந்தால் போதும் என்று நினைத்தேன். தொலைவது யாருடைய குற்றமும் அல்ல. புதிதாக ஒன்று எடுக்க மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அவன் மனம் மாறும், அல்லது அங்கே சண்டை நிற்கும். ஒரு தகப்பன் இதைவிட வேறென்ன யோசிப்பான்?

வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருக்கையில் அதை வைத்து, மேலே டூட்டிங்கில் வாங்கிய தமிழ்ப் பேப்பரை வைத்துவிட்டு இறங்கினேன். அன்றைக்கு நல்ல வெயில். இறங்கி நடந்தபோது என் கால்கள் லேசாக இருந்தன.

பிறகு நடந்ததை மனைவிதான் சொன்னாள். பின்னேரம் அடையாள அன்ரி வந்து மகனைக் கேட்டிருக்கிறாள். உள்ளே வரச் சொல்ல, வாசலிலேயே நின்றாளாம். மகன் இறங்கி வந்ததும், "ஏதாவது தொலைத்தாயா?" என்று கேட்டாளாம்.

"பாஸ்போர்ட்," என்றிருக்கிறான் அவன். காலையிலிருந்து வீட்டைத் தலைகீழாக்கித் தேடிக்கொண்டிருந்தவன்.

"அடையாளம்?"

"உள்ள என்ர படமிருக்கு, அன்ரி!"

"படத்தை யாரும் பார்த்துச் சொல்லலாம். வேறு?"

"பின்மட்டையில் தேத்தண்ணிக் கறை. அரைவட்டமா."

கொடுத்துவிட்டாள். என் மனைவிக்கு நான் எடுத்தது தெரியாது. தொலைந்த பாஸ்போர்ட் கள்ளர் கையில் போகாமல் வந்ததே என்று நன்றி சொல்லி, எங்கள் சமையலை அவள் சாப்பிட மாட்டாள் என்பதால் ஒரு பையில் அப்பிள் போட்டுக் கொடுத்து அனுப்பினாள். அப்பிள் கொடுத்தோம் நாங்கள், அதற்கு.

நான் வீட்டுக்கு வந்தபோது மகன் மாடிப்படியில் இருந்தான்.

"நீங்களோ எடுத்தனீங்கள்?"

"ஓம்."

"பஸ்ஸில கிடந்ததாம்."

"ஓம்."

கத்துவான் என்று பார்த்தேன். கத்தவில்லை. "கிழிச்சிருந்தால் நான் நிண்டிருப்பன், அப்பா," என்றான். "உங்களுக்கே கிழிக்க மனம் வரேல்லை." எழும்பிப் போய்விட்டான். அதிலிருந்து பாஸ்போர்ட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே திரிந்தான், படுக்கும்போதும்கூட. அந்தக் கிழமையே போனான். சென்னையிலிருந்து ஒருமுறை போன் வந்தது. "வந்திட்டன். அம்மாவை அழவேண்டாமெண்டு சொல்லுங்கோ." அவ்வளவுதான்.

நான் தெருவைக் கடந்து போய் அவளுடைய கதவைத் தட்டினேன்.

"என் வீட்டுப் பொருளை ஏன் என்னிடம் தரவில்லை?"

"பெயர் அவனுடையது."

"நான் அவனுடைய தகப்பன்."

"தெரியும். நீங்கள் அதை வைத்ததையும் பார்த்தேன். பின் இருக்கையில் இருந்தேன். மேலே உங்கள் பத்திரிகையை வைத்தீர்கள்." சாந்தமாகத்தான் சொன்னாள். "உங்களுடையதை நீங்கள் எறியலாம். அவனுடையதை நீங்கள் தொலைக்க முடியாது. அது தொலைந்தது ஆகாது."

"பார்த்தும் எடுத்தீர்களா? முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாமே!"

"அதைத்தான் செய்யக் கூடாது என்கிறது."

"அவன் எங்கே போகிறான் என்று கேட்டீர்களா?"

"அது சட்டத்தில் இல்லை. அடையாளம் கேட்டேன். சரியாகச் சொன்னான்."

வாசற்படியில் ஒரு அடி மேலே ஏறினேன். "குடிகாரனை இழுத்தோமே, நீங்களும் நானும். உயிர் கைநழுவினால் பிடித்துக் கொடுக்க வேண்டும், அது மாட்டைவிட முக்கியம் என்றீர்கள். அது எந்தச் சட்டம்? அது என் பிள்ளைக்கு இல்லையா? உங்கள் சனத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமா?"

அவள் ஒரு அடி பின்வாங்கினாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். டோப்பா சற்று விலகி உள்ளே நரைத்த குட்டைமயிர் தெரிந்தது, அவள் அதைச் சரிசெய்யவில்லை. "இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பார்க்கவில்லை," என்றாள் கடைசியில். "கையில் இருந்தது பாஸ்போர்ட். அதை மட்டும்தான் பார்த்தேன்."

நான் படியிறங்கித் தெருவைக் கடந்து வந்துவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஆள்மாறி ஆள்மாறி ஒரு செய்தி வந்தது. 'தொடர்பில்லை.' எந்த இடத்தில், எப்போதிலிருந்து, ஒன்றும் இல்லை. டூட்டிங்கிலிருந்து என் மைத்துனர் வந்தார். வரவேற்பறையில் இருந்து, தேத்தண்ணியைத் தொடாமல் சொன்னார்.

"அத்தான், குறை நினைக்காதேங்கோ. ஒரு படத்தை வைச்சு, ஐயரைக் கூப்பிட்டு, செய்யவேண்டியதைச் செய்துவிடுவம். அக்காவைப் பாருங்கோ."

"ஏலாது," என்றேன்.

"எத்தினை நாளைக்கு?"

"ஏலாதெண்டால் ஏலாது."

அவர் போனபிறகு மனைவி என் முன்னால் வந்து நின்றாள். "எனக்கு ஒரு விளக்குக் கொளுத்தி வைச்சு அழவேணும். அதுக்கும் விடமாட்டீங்களோ? நீங்களும் அந்த மனிசியைப் போல ஆயிட்டியள்."

அவள் சொன்னது சரி. படத்துக்கு மாலை போட்டால் போய்விட்டான் என்று நானே சொன்னதாகிவிடும். எங்கேயோ எவன் கையிலோ, ஒரு முகாமிலோ காட்டிலோ, அவன் இருந்தால் அதற்குப் பிறகு அவன் என்னுடையவன் இல்லை. இதை எனக்குள் போட்டுவிட்டவள் எதிர்வீட்டுக்காரிதான். பிள்ளையை எடுத்துக்கொண்டு தன் சட்டத்தை என்னிடம் விட்டுவிட்டாள். கண்டெடுத்தவன் அறிவிக்க வேண்டும் என்கிறதே அந்தச் சட்டம், எவன் அறிவித்தான்? எந்தக் கம்பத்தில் அட்டை தொங்குகிறது? இடது முழங்காலுக்குக் கீழே சைக்கிளால் விழுந்த தழும்பு. வலது காதுக்குப் பின்னால் மச்சம். அடையாளம் சொல்ல நான் இருக்கிறேன். கேட்பதற்குத்தான் ஒருவரும் இல்லை.

தெருவில் எதிர்ப்பட்டால் நான் மற்றப் பக்கம் போய்விடுவேன். ஒருமுறை மட்டும் கறிவேப்பிலைப் பையோடு ஸ்டேஷனிலிருந்து வரும்போது அவள் வழியில் நின்றுவிட்டாள். மிகவும் குறுகிப் போயிருந்தாள்.

"சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டாள். எதை என்று சொல்லவில்லை.

"இல்லை."

"சொல்லாதீர்கள்," என்றாள். நான் நிற்காமல் நடந்தேன்.

போன மாரியில் அவள் இறந்தாள். சவ ஊர்வலத்துக்குத் தெருவே நின்றது. நான் திரைச்சீலையை மூடினேன். இளையவள் ரியூஷனால் வரக் கொஞ்சம் பிந்தியதால் பஸ் நிறுத்தத்துக்குப் போக வேண்டியிருந்தது. பிள்ளை பிந்தினால் இன்றைக்கும் நான் வீட்டில் இருக்கமாட்டேன். அந்த விளக்குக் கம்பத்தில் ஒரு பழைய அட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எழுத்து ஊறிப் போயிருந்தது.

சில கிழமைகள் கழித்து, எப்போதோ காலமான அவளுடைய கணவரின் அண்ணன் மகன் வீட்டை ஒழுங்குபடுத்த வந்தவர், எங்கள் கதவைத் தட்டினார். தாடி வைத்த, கூச்ச சுபாவமுள்ள மனிதர். கையில் காகிதத்தில் சுற்றிய தட்டையான ஒன்று.

"மன்னிக்க வேண்டும். கேட்டவர் இல்லாத பொருட்கள் ஒரு அலுமாரி நிறைய இருக்கின்றன. இது எதிர்வீட்டுக்காரருடையது என்று சொல்லியிருந்தார். ஒரு பத்திரிகை. மாதாமாதம் விரித்துக் காற்றுப்படுத்தி வைத்திருந்தார். ஆனால்..." அவர் சிரிக்க முயன்றார். "கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டுமாம். அடையாளம் ஏதாவது?"

குறுக்கெழுத்துப் போட்டி. பென்சில். பாதியில் நிற்கும், ஏனென்றால் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது. எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. பின்னால் குசினியில் மனைவி தண்ணீர்க் குழாயைப் பூட்டுவது கேட்டது.

"எனக்கு வேண்டாம்," என்றேன். "யேயூஷ்."

அவர் புருவத்தை உயர்த்தினார். அந்தச் சொல்லை என் வாயில் அவர் எதிர்பார்க்கவில்லை. பிறகு மரியாதையாகத் தலையை அசைத்து, பொதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். அவர் கேற்றைத் தாண்டியபோதுதான், எதை என்று சொல்லாமல் அந்தச் சொல்லை வாயால் சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. செருப்பில்லாமல் ஈரத்தில் இறங்கி ஓடினேன்.

"பேப்பரை மட்டும்!" என்று கத்தினேன். "பேப்பரை மட்டும்தான் சொன்னனான்!"

தமிழில் கத்தியிருக்கிறேன். அவர் திரும்பிப் பார்த்து, விளங்காமல், கையை அசைத்துவிட்டுப் போனார்.